ராமக்காள் கழற்றிய முன்சக்கரம்

இண்டூரில் மாவு மில் நடத்தும் ராமக்காள், மகள் சந்தியாவின் நிச்சயதார்த்தப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். கல்யாணம் தீர்த்தமலை அடிவாரத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஊர்ப் பக்கம் என்று முடிவாகியிருந்தது. பெண் அழைப்புக்கு எந்த வண்டி என்று பேச்சு வந்தது. ராமக்காளின் தம்பி பூபதி பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவன். தன் புது வண்டியைப் பூ ஜோடித்துக் கொண்டுவருவதாகச் சொன்னான். தாய்மாமன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்ட வேண்டியதுதான். ராமக்காள் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எம் பொண்ணு எங்க வண்டியிலதான் வருவா. நாந்தான் ஓட்டியாருவேன். மாமங்காரன் முன்னாடி சீட்டுல குந்திக்கிட்டு வரட்டும்."

பந்தி முழுவதும் சிரித்தது. சிரிக்காதவள் மாப்பிள்ளை ரஞ்சித்குமாரின் அம்மா தீர்த்தம்மாள் மட்டும்தான். அவள் இலையிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவே ஓட்டுவாங்களா என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கினாள்.

அந்த வண்டி ஒரு வெள்ளை மாருதி 800. இரண்டாயிரத்து நான்காம் வருட மாடல். தருமபுரியில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்து கைமாறி வந்தது. ராமக்காள் அதை வாங்கியபோது அவளுக்கு ஓட்டத் தெரியாது. கணவர் கிருஷ்ணப்பனுக்கும் தெரியாது. அவர் ஏரையும் மாட்டையும் விட்டு வேறெதையும் ஓட்டிப் பழகாதவர். வாங்கிய மாதமே தருமபுரிக்குப் போய்ப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டாள். அதன் பிறகு கேழ்வரகு மூட்டையும் மிளகாய் மூட்டையும் பின்சீட்டில் பயணம் செய்தன. டயருக்குக் காற்று அடிக்கவும் சக்கரத்தை நேர்பார்க்கவும் தவிர அந்த வண்டியை அவள் எந்தப் பட்டறை வாசலிலும் நிறுத்தியதில்லை. பிரேக் கட்டை மாற்றினாள், கிளட்ச் ஒயர் மாற்றினாள், ரேடியேட்டரை இறக்கி அலசி மாட்டினாள்.

இதெல்லாம் மில் கொடுத்த தைரியம். மாமனார் வைத்த மில் அது. அவர் காலமானதும் மோட்டாரை விற்றுவிடலாம் என்று உறவில் பேசியபோது, கல்யாணமாகி வந்து இரண்டு பொங்கல்கூடப் பார்க்காத ராமக்காள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முதலில் பெல்ட் அறுந்தது. பிறகு பேரிங் போனது. மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். வாசலில் ஈர அரிசியோடு பெண்கள் நிற்கிறார்கள். அவளே கழற்றினாள். பேரிங் என்பது என்ன என்று அன்றைக்குக் கையில் வைத்துப் பார்த்தாள்: இரண்டு இரும்பு வளையம், நடுவே உருளும் குண்டுகள். அதில் ஒரு குண்டு தேய்ந்தால் போதும், மில்லே முனகும். அந்த முனகல் எப்போது தொடங்குகிறது என்று சொல்வதில் இண்டூர்ச் சுற்றுவட்டாரத்தில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்பது ராமக்காளின் எண்ணம். அதை அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டதில்லை. மாவு அரைக்க வருகிற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், பென்னாகரம் பக்கம் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும்போது, அந்த முனகல் காரில் கேட்டது.

வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. கியரை விடுவித்து வண்டியைச் சும்மா உருளவிட்டாலும் நிற்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, சக்கரம்தான். அவள் பக்கத்துச் சீட்டிலிருந்த கிருஷ்ணப்பனிடம் இடது முன்சக்கரத்துப் பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ராமக்காள் தீர்ப்புச் சொன்ன பிறகு பேசிப் பழக்கமில்லாததால் சும்மா இருந்துவிட்டார்.

சனிக்கிழமை மில்லுக்கு விடுமுறை விட்டு, இடது சக்கரத்தைக் கழற்றினாள். பேரிங் உட்காரும் இரும்புக் கூட்டை வெளியே எடுத்து, மில்லுக்கென்று வைத்திருந்த, பேரிங்கைக் கவ்வி இழுக்கும் புல்லரைப் பூட்டிப் பழையதை எடுத்தாள். புதியதை வைத்து, பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே அதன்மேல் மூடிபோல வைத்து, ஒரு நீண்ட போல்ட்டைக் கோத்து நட்டைத் திருகித் திருகி உள்ளே இறக்கினாள். சுத்தியலால் உள்வளையத்தில் அடித்தால் புதுப் பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும் என்பது அவளுக்கு மில்லில் கிடைத்த பாடம். வேலை சுத்தமாக முடிந்தது. கையைக் கழுவிவிட்டு நல்லம்பள்ளி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனாள்.

முனகல் அப்படியே இருந்தது.

ராமக்காளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பேரிங் விற்ற கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்று வழிநெடுக வைதாள். கழற்றி அவன் மேஜைமேலேயே வைத்துக் கேட்கப்போவதாகச் சொன்னாள். ஆனால் குறை சொல்லப் போகுமுன் கையால் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினாள். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறுகையைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் சுருளில் வைத்தாள். மில் இரைச்சலில் காதால் எதையும் பிரித்தறிய முடியாது. அங்கேயும் அவள் உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பாள். ஸ்பிரிங் அசையாமல் இருந்தது. உள்ளே எண்ணெயில் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு சுழன்றது சக்கரம்.

"அந்தப் பக்கத்தையும் ஒருக்கா பாத்துரு புள்ள," என்றார் கிருஷ்ணப்பன்.

வலது பக்கம் தேவையே இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் ஜாக்கியை மாற்றினாள். சக்கரத்தைச் சுழற்றி ஸ்பிரிங்கில் கையை வைத்தாள். கேழ்வரகுக்குள் மணல் கலந்து அரைபட்டால் எப்படிக் கையில் நெறுநெறுக்குமோ அப்படி நெறுநெறுத்தது. சக்கரம் நின்ற பிறகும் கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தாள்.

"எனக்கு இடப்பக்கந்தாங்க கேட்டுச்சு," என்றாள். "நல்லாவே இடப்பக்கந்தான் கேட்டுச்சு."

கிருஷ்ணப்பன் அவளுக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு எல்லாமே இடப்பக்கந்தான் கேக்கும். நான் உன் வலப்பக்கம் நின்னு பேசறத வுட்டே பல வருசமாச்சு."

மில்லில் தானியம் கொட்டும் இடமும் மாவு பிடிக்கும் இடமும் அமைந்திருக்கிற விதத்தில், ஆள் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான். அங்கே நின்றால் மெஷின் வலது தோளுக்கு ஒட்டினாற்போல இருக்கும். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் அங்கேதான் நிற்கிறாள். போனை எப்போதும் இடது காதில் வைப்பதையும், கூட்டத்தில் யார் கூப்பிட்டாலும் இடதுபக்கமே திரும்புவதையும், அவள் பழக்கம் என்று நினைத்திருந்தாள். வளைவில் இடதுபுறம் ஒடித்து வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும்போதெல்லாம் முனகல் கூடியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலிலேயே கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காதை நம்பி நல்ல பேரிங் ஒன்றைக் கழற்றி எறிந்திருக்கிறாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் மில்லை மூடிவிடுவாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அடுத்ததாக அவள் கேட்டது மில்லைப் பற்றியதும் இல்லை, பேரிங்கைப் பற்றியதும் இல்லை.

"முந்திக்கிட்டு வர்றவன் வலப்பக்கந்தான் வருவான். ஹாரன் அடிச்சாலும் எனக்கு அது அந்தப் பக்கமுன்னு தெரியாது. பொண்ண வெச்சிக்கிட்டு நான் ஓட்டலாமாங்க?"

கிருஷ்ணப்பன் வலது சக்கரத்தை ஒருதரம் சுழற்றிவிட்டார்.

"அத நான் சொல்லக் கூடாது. இத்தினி வருசம் ஓட்டினது நீ. நீ ஓட்டினா நான் பின்னாடி சீட்டுல குந்திக்கிட்டு வருவேன். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை பந்தக்கால் நட்டார்கள். உறவு வந்து நிறைந்ததில் பகல் போனதே தெரியவில்லை. சாயங்காலம் கிருஷ்ணப்பன் தருமபுரி போய் வலது பக்கத்துக்குப் பேரிங் வாங்கி வந்தார். ராமக்காள் அதைப் பாலிதீனில் சுற்றி ஃபிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் உறையும் இடத்தில் வைத்தாள். குளிர்ந்தால் இரும்பு மயிரிழை சுருங்கும், கூட்டுக்குள் சுளுவாக இறங்கும். செவ்வாய்க்கிழமை காலையில் தலைக்குப் பூ எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த சந்தியா, கீழ்த்தட்டில் மல்லிகையையும் மேல்தட்டில் பேரிங்கையும் பார்த்தாள். இதில் எது தனக்கு என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். ரெண்டும் உனக்குத்தான் என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

பெண் அழைப்புக்கு மதியம் கிளம்ப வேண்டும். உள்ளே பெண்ணுக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பந்தலுக்குப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவள், பழைய நைட்டிமேல் கிருஷ்ணப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, காரின் வலது முன்சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கையில் சந்தனம் இருக்க வேண்டிய நேரத்தில் கிரீஸ் இருக்கிறதே என்று ஒரு பெரியம்மா முறைக்காரி சொன்னதற்கு, ரெண்டும் குளுமைதான் என்றாள் ராமக்காள்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு மட்டும் அசையவே இல்லை. இடது பக்கம் பட்டென்று விட்ட நட்டு, இந்தப் பக்கம் துருவேறி இறுகியிருந்தது. உள்ளே கிருஷ்ணப்பன் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, அவள் ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பூபதியின் புது வண்டி வந்து நின்றது. பட்டு வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் சங்கிலி. இறங்கியவன் கொஞ்ச நேரம் அக்காவைச் சுற்றி வந்தான்.

"பொண்ண இதுலயே ஏத்தலாம்க்கா. ஆனா தள்றதுக்கு நாலு ஆளு வேணுமே. மண்டியிலருந்து கூட்டியாரட்டுமா?"

"ஆளு வேணாம். உன்ற எடை போதும். இந்தக் கொழாய் மேல ஏறி நில்லு."

பூபதி பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தன் தோளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரை வைத்துக்கொண்டு, குழாயின் நுனியில் ஏறி நின்றான். ஒரு குதி குதித்தான். பந்தலே அதிர்வதுபோல ஒரு சத்தத்தோடு நட்டு விட்டது. நலங்கு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சிக்கல் இல்லை என்றுதான் நினைத்தாள். பிரேக் பாகத்தை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள், கூட்டைக் கழற்றினாள், புல்லரைப் போட்டாள். பேரிங்கின் உள்வளையமும் குண்டுகளும் வந்தன. வெளிவளையம் மட்டும் கூட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பூபதி சுத்தியலை எடுத்தான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பந்தலுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, குளியலுக்கென்று அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டை மண்ணெண்ணெயில் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, கம்பியில் கட்டி அந்த அண்டாவுக்குள் இறக்கினாள். குளிக்க வரிசையில் நின்றவர்கள் போட்ட கூச்சலை அவள் வலது பக்கமாக வாங்கிக்கொண்டாள்.

கொதித்து எழுந்த கூட்டை இடுக்கியால் எடுத்து வைத்து, புல்லரை மாட்டித் திருகினாள். வளையம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நகர்ந்து வெளியே வந்தது. இரும்பு சூடாக இருக்கும்போதே, ஃபிரிட்ஜிலிருந்து பனி பூத்த பேரிங்கைக் கொண்டுவரச் சொல்லி, துடைத்து, நேராக வைத்து, போல்ட்டைத் திருகினாள். கடைசியில் நட்டு மேற்கொண்டு திரும்ப மறுத்த இடத்தில் நிறுத்தினாள். கிரீஸை விரலால் வழித்து வழித்து நிரப்பினாள். எல்லாம் பூட்டி முடித்து, பூபதியை மறுபடி குழாயில் ஏற்றி நட்டை இறுக்கி, அது கழலாமல் இருக்க இரும்பு ஊசியைக் கோத்து அதன் இரண்டு காலையும் மடக்கிவிட்டாள். சக்கரத்தைச் சுழற்றி ஸ்பிரிங்கில் கை வைத்தாள். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. முகத்தில் கரியோடு அவள் சிரித்த சிரிப்பை, கல்யாண வீடியோ எடுக்க வந்தவர் கேட்காமலே பிடித்துவிட்டார்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது தம்பியை மட்டும் ஏற்றிக்கொண்டாள். நல்லம்பள்ளி ரோடு வரை ஓட்டினாள். முனகல் போயிருந்தது, பூபதியே கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டு, போயேபோச்சு என்றான். அவள் ஒரு புளியமரத்து ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"எனக்கு வலக்காது கேக்கலடா பூபதி. அதனாலதான் மொதல்ல தப்பான பக்கத்தக் கழட்டுனேன். நீ தாய்மாமன். பொண்ண உன் வண்டியில ஏத்தறதுன்னாலும் சரி, இப்பவே சொல்லு. வாய் உட்டுட்டேனேன்னு புள்ளய வெச்சிக்கிட்டு வெளையாட மாட்டேன்."

பூபதி ரோட்டைப் பார்த்தான். கேலி செய்ய இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வாய்க்காது. அக்கா அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

"ரெண்டு காதும் நல்லா கேட்ட காலத்துலயே நீ யார் பேச்சக் கேட்ட?" என்றான். பிறகு குரலை இறக்கினான். "நீ காதால ஓட்டலக்கா. நான் ஏறுனதுலருந்து பாக்கறேன், வலப்பக்கக் கண்ணாடிய வுட்டு உன் கண்ணு நகரல. என் டிரைவர் ஒரு நாளு அப்படிப் பாத்திருப்பானா? எடு வண்டிய. நான் முன்னாடி குந்திக்கறேன். எவனாச்சும் வலப்பக்கம் வந்தா சொல்றேன்."

அவள் வண்டியை எடுக்கவில்லை. சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரி இன்னும் பரவியது. பிறகுதான் எடுத்தாள்.

மதியம் வண்டி கிளம்பியது. பூபதியின் புது வண்டி பின்னால் சீர்த் தட்டுகளையும் பலகாரக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. முன்னால் வெள்ளை மாருதி, மூக்கில் ஒரு முழம் மல்லிகை. பின்சீட்டில் சந்தியாவும் கிருஷ்ணப்பனும். அரக்குப் பட்டுச் சேலையில் ராமக்காள் ஓட்டினாள். தருமபுரி தாண்டும் வரை பூபதி கொடுத்த வாக்கை அளவுக்கு மீறிக் காப்பாற்றினான். பைக் வந்தால் பைக் என்றான், பஸ் வந்தால் பஸ் என்றான், வயலோரம் நின்ற மாட்டைக்கூட விடவில்லை. மொரப்பூர் வருவதற்குள், ரோட்டில் ஓடுவதை மட்டும் சொன்னால் போதும் என்று அக்கா சொல்ல வேண்டியதாயிற்று. சந்தியா சிரித்ததில் நெற்றிச்சுட்டி நகர்ந்துவிட்டது. கிருஷ்ணப்பன் அதை ஒரு விரலால் நேராக்கினார். அரூர் தாண்டியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சக்கரம் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும் இருந்தது. நல்ல வண்டிக்கு இருக்க வேண்டிய சத்தம் அவ்வளவுதான்.

மலை அடிவாரத்து மண்டப வாசலில் மேளம் காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு பட்டுச் சேலையில் இறங்கிய சம்பந்தியைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பூபதி பின்கதவைத் திறந்து மருமகளின் கையைப் பிடித்து இறக்கினான். யாரும் கேட்காமலே, எங்கக்காதான் இண்டூர்லருந்து ஓட்டியாந்தது, சக்கரம் மாட்டினதும் அதுதான் என்று மேளத்துக்கு மேலே குரல் எழுப்பிச் சொன்னான்.

ராமக்காள் உடனே கூட்டத்தோடு போகவில்லை. புதுப் பேரிங் போட்டு இத்தனை தூரம் ஓடிய பிறகு ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். அதிகம் இறுக்கியிருந்தால் சக்கரத்தின் நடுப்பாகம் கொதிக்கும். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, வலது முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். பக்குவமான வெதுவெதுப்பு. நிம்மதியில் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து, நெற்றி வியர்வையை அதே கையால் துடைத்தாள்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் தீர்த்தம்மாள் நின்றிருந்தாள். இண்டூர்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கினால் செய்யும் முறை இதுதான்போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தட்டைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்தாள். பயபக்தியோடு குனிந்து, சக்கரத்தின் நடுவைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து அவள் ஓரகத்தியும், ஓரகத்தியைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்களும் குனிந்தார்கள்.

பூபதி சிரிப்பை அடக்க முடியாமல் மேளக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டான். ராமக்காள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வசதியாகச் சற்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதுங்க சம்பந்தி," என்றாள். "அதும் நான் மாட்டினதுதான்."